வரப்போடு நிற்கும் சான்றிதழ்: எட்டு வருட அனுபவம்

மன்னார்குடி பக்கம் நாலு ஏக்கர் நெல் வயல், வீட்டுக் கொல்லையில் முப்பது தென்னை. 2017-இல் யூரியாவை நிறுத்தினேன். முதலில் பி.ஜி.எஸ். குழுவில் இருந்தேன், அதாவது விவசாயிகளே ஒருவருக்கொருவர் உறுதி சொல்லும் இயற்கை விவசாயச் சான்று. 2019-இல் என்.பி.ஓ.பி. என்கிற மத்திய அரசின் இயற்கை விளைபொருள் திட்டத்தில் குழுச் சான்றிதழுக்குப் பதிந்தேன். இரண்டையும் பார்த்தவன் என்பதால், 'சான்றிதழ் வாங்கலாமா?' என்று என்னிடம் கேட்கிறவர்கள் நிறைய. இயற்கை விவசாயம் நல்லதா கெட்டதா என்பது வேறு பேச்சு. இங்கே எழுதுவது அந்தக் காகிதத்தைப் பற்றி மட்டும்.

பி.ஜி.எஸ். எளிது. குறைந்தது ஐந்து விவசாயிகள் சேர்ந்தால் ஒரு குழு. ஒருவர் வயலை மற்றவர்கள் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் குழுவில் ஒரு மாமா, இரண்டு பங்காளிகள். ஒருவர் பயிர் திடீரென்று கரும்பச்சையாக நின்றால் யூரியா விழுந்திருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அடுத்த கல்யாணப் பந்தியில் அவர் பக்கத்து இலையில்தானே உட்கார வேண்டும்? கையெழுத்து விழுந்துவிடும். அங்கிருந்து நான் விலகியதற்கு அதுதான் காரணம்.

என்.பி.ஓ.பி. அப்படி இல்லை. வெளியிலிருந்து ஆள் வந்து தணிக்கை செய்வார். 2001-இல் மத்திய வணிக அமைச்சகம் ஏற்றுமதியை மனதில் வைத்துக் கொண்டுவந்த திட்டம். சான்றிதழ் கிடைக்கும் முன் ரசாயனம் இல்லாமல் கழிக்க வேண்டிய மாறுதல் காலம் நெல் மாதிரி ஒரு பருவப் பயிருக்கு இரண்டு வருடம், தென்னைக்கு மூன்று. நான் அதற்கு முன்பே உரத்தை விட்டிருந்தேன். காட்ட ஆவணம் இல்லாததால் அது கணக்கில் வரவில்லை. அந்த இரண்டு வருடமும் பொன்மணி ரக நெல்தான் போட்டேன். உரம் போட்ட காலத்தில் ஏக்கருக்கு 60 கிலோ மூட்டை 33 கண்ட வயல் இருபதுக்கு இறங்கியது. விற்றது நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில். அங்கே சன்னரகம், பொதுரகம் என்று இரண்டே விலைதான். யூரியா போட்ட நெல்லுக்கும் என் நெல்லுக்கும் ஒரே தராசு, ஒரே விலை. கையில் காசு இல்லாதவர்கள் இந்தக் கட்டத்திலேயே விட்டுவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

2021-இல் சான்றிதழ் கைக்கு வந்தது. அதற்குப் பிறகுதான் எனக்கு உண்மையான குழப்பம் ஆரம்பித்தது.

முதலில் தண்ணீர். எங்கள் பக்கம் ஆற்றுப் பாசனம். மேல்மடைக்காரர் வயல் நிறைந்த பிறகுதான் என் வயலுக்கு வடியும். அவர் காலையில் யூரியா தெளித்தால் சாயங்காலம் என் மடையில் வருகிறது. இதற்காக வரப்போரம் மூன்று மீட்டர் விட்டு, அகத்தி நட்டு, அந்தப் பட்டையில் விளைந்ததைத் தனியாக அறுத்துச் சாதா நெல்லாக விற்கிறேன். துண்டு துண்டான வயலில் மூன்று மீட்டர் என்பது கொஞ்சமான இடம் இல்லை.

அடுத்து சாணம். வீட்டில் இரண்டு நாட்டு மாடு. சாணமும் கோமியமும் கரைத்துச் செய்யும் ஜீவாமிர்தத்துக்கு அது போதும், நாலு ஏக்கருக்கு அடியுரமாகப் போதாது. வெளியில் வாங்கினால் அந்த மாடு என்ன தின்றது என்ற கேள்வி வரும். நியாயமான கேள்விதான். ஆனால் என் மாடு தின்பதென்ன? பருத்திக்கொட்டை. 2002-இல் மரபணு மாற்றிய பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தது. இன்று நாட்டில் விளையும் பருத்தியில் 90 விழுக்காட்டுக்கு மேல் அதுதான். மரபணு மாற்றிய விதையை வயலில் விதைத்தால் சான்றிதழ் போய்விடும். மாட்டின் வயிற்று வழியாக வந்தால் பஞ்சகவ்யம் ஆகிவிடுகிறது.

அப்புறம் கிடை. அறுப்பு முடிந்ததும் ராமநாதபுரத்துக் கீதாரிகள், அதாவது ஆடு மேய்ப்பவர்கள், ஆட்டைப் பத்திக்கொண்டு டெல்டாவுக்கு வருவார்கள். எருவுக்காக நாலு ராத்திரி வயலில் ஆட்டை அடைத்துக் கிடை போட்டால் மண் அடுத்த சம்பா வரை பேசும். தணிக்கைக்கு வந்தவர் 'இந்த ஆடுகள் இதற்கு முன் எங்கே மேய்ந்தன?' என்று கேட்டார். கீதாரியிடம் கேட்டேன். "வழி நெடுக மேஞ்சுதுங்கய்யா" என்றார். அதைத் தணிக்கைக்குக் காட்டும் பதிவேட்டில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

2023 சம்பாவில் பக்கத்து வயல் தம்பி குலைநோய்க்கு ட்ரோன் வைத்து மருந்து அடித்தான். "அண்ணே, நம்ம வயலுக்கும் சேத்து அடிச்சிரட்டுமா?" என்று கேட்டான், பாசத்தில். வேண்டாம் என்றேன். காற்று கேட்கவில்லை. வழக்கமாக வாங்கும் கடைக்காரர் பரிசோதித்ததில் என் தூயமல்லி அரிசியில் அந்தக் குலைநோய் மருந்தான ட்ரைசைக்ளசோல் தடயம் வந்துவிட்டது. சான்றிதழ் கொடுத்தவர்களிடம் கேட்டால், 'நீங்கள் அடிக்கவில்லை, பதிவேடு சரி, சான்றிதழ் தொடரும்' என்றார்கள். கடைக்காரர் மூட்டைகளைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஆக, சான்றிதழ் செல்லும், அரிசி செல்லாது! அந்தக் காகிதம் நான் செய்யும் முறைக்குத்தான், அரிசிக்கு இல்லை என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

இதற்கு நேர் எதிரான கூத்து தென்னையில். குருத்தழுகலுக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை அடிக்க அனுமதி உண்டு. மயில்துத்தம் செம்பு. மண்ணில் விழுந்தால் மக்காது, அங்கேயே சேரும். ஐரோப்பாவிலும் இயற்கைப் பண்ணைகளுக்கு அதைத் தடுக்கவில்லை, 2019-இல் ஏழு வருடத்துக்கு எக்டேருக்கு 28 கிலோ செம்பு என்று அளவு மட்டும் வைத்தார்கள். அனுமதிப் பட்டியலில் இருப்பதாலேயே ஒன்று மண்ணுக்கு நல்லதாகிவிடாது.

சரி, பலனே இல்லையா? இருக்கிறது. சென்னைக் கடைகள் காகிதம் இல்லாமல் சாக்கைத் தொடமாட்டார்கள். சீரகச் சம்பாவுக்குக் கொள்முதல் நிலைய விலையைவிட நல்ல விலை அங்கே கிடைத்தது. பதிவேடு எழுதிப் பழகியதில் எந்த வயலில் என்ன செலவு என்று முதல்முறையாகத் தெரிந்தது. என் அப்பா கடைசிவரை அறியாத கணக்கு அது.

ஆனால் என் அரிசியில் பாதிக்கு மேல் இப்போது வாங்குவது நேரே வயலுக்கு வந்து பார்த்த நாற்பது குடும்பங்கள். அவர்களில் ஒருவர்கூடச் சான்றிதழ் கேட்டதில்லை. சிறு உற்பத்தியாளர் நேரடியாக நுகர்வோருக்கு விற்றால் சான்றிதழ் தேவையில்லை என்று 2017-இன் உணவுப் பாதுகாப்பு விதியிலேயே இருக்கிறது. இது முதலிலேயே தெரிந்திருந்தால் மாறுதல் காலமான அந்த இரண்டு வருடமும் வாடிக்கையாளர் தேடியிருப்பேன்.

அதனால் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது: கடைக்கோ ஏற்றுமதிக்கோ போவதென்றால் குழுவோடு சேர்ந்து வாங்குங்கள், மடைக்கடைசி வயலாக இருந்தால் நூறு முறை யோசியுங்கள். நான் இந்த வருடமும் புதுப்பித்தேன், அடுத்த வருடம் சொல்ல முடியாது. இந்தச் சித்திரையிலும் கிடை போட்டேன். பதிவேட்டில் அந்த வாரத்துப் பக்கம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.