எஸ்பிஐஜி எஸ்டி-8300எம்: பழைய குளிர்விப்பு சிசிடி கேமராவை இன்று வாங்கலாமா?

தொலைநோக்கி வழியாகப் படமெடுக்கும் அமெச்சூர்களிடையே ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த, சென்சாரைக் குளிரவைத்து இரைச்சலைக் குறைக்கும் எஸ்பிஐஜி நிறுவனக் கேமரா இது. இப்போது புதிதாகக் கிடைக்காது. இதன் சென்சாரான கேஏஎஃப்-8300-ஐத் தயாரித்த கோடாக் பிரிவு 2011-இல் கைமாறி ட்ரூசென்ஸ் ஆனது, 2014-இல் ஆன் செமிகண்டக்டரிடம் போனது, பிறகு சிசிடி என்ற அந்த வகைச் சென்சாரின் உற்பத்தியே நின்றுவிட்டது. சோனி 2015-லேயே சிசிடிக்கு முழுக்குப் போடுவதாக அறிவித்திருந்தது. ஆக, சந்தையில் இருப்பதெல்லாம் செகண்ட் ஹேண்ட்தான்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். நாரோபேண்ட் ஃபில்டர் (குறுகிய அலைநீளப் பட்டையை மட்டும் விடுவது) போட்டு நெபுலா (விண்வெளி வாயு மேகம்) எடுப்பவருக்கும், மாறொளி விண்மீன்களின் பிரகாசத்தை அளப்பவருக்கும், விலை படிந்தால் இது இன்றும் நல்ல கருவி. முதல் கேமரா தேடுபவர் பக்கமே போக வேண்டாம். குளிர்விப்பில் குறை ஒன்றும் இல்லை. இடிப்பது ரீட் நாய்ஸ், அதாவது சென்சாரைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் சேரும் இரைச்சல்.

சென்சாரில் 3326 × 2504 பிக்சல், ஒவ்வொன்றும் 5.4 மைக்ரான். பரப்பு ஏறத்தாழ 18 × 13.5 மி.மீ. 530 மி.மீ. குவியத் தூரமுள்ள தொலைநோக்கியில் ஒரு பிக்சலுக்கு வானத்தில் 2.1 ஆர்க்செகண்ட் (டிகிரியின் 3600-இல் ஒரு பங்கு ஒரு ஆர்க்செகண்ட்) விழும். ரோசெட் நெபுலா முழுசாக உள்ளே அடங்கும், ஓரங்களில் கொஞ்சம் இடமும் மிஞ்சும்.

இனி அந்த ரீட் நாய்ஸ். இந்த கேமராவில் அது சுமார் 9.3 எலெக்ட்ரான். வானப் பின்னணியிலிருந்து சேரும் எலெக்ட்ரான்கள் ரீட் நாய்ஸின் வர்க்கத்தைப் போல் பத்து மடங்காவது இருந்தால்தான் அந்த இரைச்சல் படத்தில் தலைகாட்டாது. 9.3-இன் வர்க்கம் 86.5, அதாவது 865 எலெக்ட்ரான் வேண்டும். கெயின் 0.37 (கேமரா தரும் எண் அலகான ஏடியு ஒன்றுக்கு 0.37 எலெக்ட்ரான்) என்பதால், ஒளியே படாதபோது வரும் பயஸ் அளவுக்கு மேல் சுமார் 2340 ஏடியு ஏற வேண்டும். முதலில் மூடியைப் போட்டு, மிகக் குறுகிய நேரத்தில் ஒரு பயஸ் ஃப்ரேம் எடுத்து அதன் சராசரியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஐந்து நிமிட எக்ஸ்போஷர் ஒன்றில், விண்மீன் இல்லாத மூலையில் அளந்து பாருங்கள். எத்தனை நிமிடம் வேண்டும் என்பது கணக்கில் வந்துவிடும். நகர ஒளியில் ஃபில்டர் இல்லாமல் எடுத்தால் இந்த அளவு சீக்கிரம் வந்துவிடும். இருண்ட மலைப்பகுதியில் 7 நானோமீட்டர் ஹைட்ரஜன்-ஆல்ஃபா ஃபில்டருடன் எடுத்தால் 20 நிமிடத்தில்கூட எட்டாமல் போகலாம்.

இதோடு ஒப்பிட, ஐஎம்எக்ஸ்571 சென்சார் உள்ள இன்றைய சிமாஸ் கேமராவில் (சிசிடியின் இடத்தைப் பிடித்த சென்சார் வகை) ரீட் நாய்ஸ் ஒன்றரை எலெக்ட்ரான் அளவில் நிற்கிறது. அதற்கு 23 எலெக்ட்ரான் போதும். இரண்டு நிமிட ஃப்ரேம்களாக அள்ளிக்கொண்டு, கைடிங் (விண்மீனைப் பிசகாமல் பின்தொடர்வது) பிசகியதைக் குப்பையில் போட்டுவிடலாம். எஸ்டி-8300-இல் காற்று ஒருமுறை தொலைநோக்கியைத் தாங்கிச் சுழற்றும் மவுண்டை உலுக்கினால் இருபது நிமிடம் போச்சு. ஆகவே இந்த கேமராவின் உண்மையான விலையில் ஒரு நல்ல மவுண்டின் விலையும் சேரும். விற்பவர் அதைச் சொல்லமாட்டார்.

குளிர்விப்புக்கு வருவோம். மின்சாரத்தால் குளிரும் பெல்டியர் தகடு ஒன்றுதான், பின்னால் விசிறி. சுற்றுப்புறத்தைவிட 35 டிகிரிக்குச் சற்று மேல் இறங்கும். இறங்குவதைவிடவும், வைத்த வெப்பநிலையில் ஆடாமல் நிற்பதுதான் இங்கே முக்கியம். டார்க் ஃப்ரேமும் (மூடியைப் போட்டு அதே நேர அளவுக்கு எடுத்து, படத்திலிருந்து கழிப்பது) படமும் ஒரே வெப்பநிலையில் இருந்தால்தான் கழித்தல் சுத்தமாக வரும். நம் ஊரில் இரவு 28 டிகிரி இருக்கும் நாளில் மைனஸ் 10 வைத்துவிட்டு, கூலர் நூறு சதவீதத்தில் மூச்சுவாங்க விடுவது வீண் வேலை. விடியற்காலையில் வெப்பம் மாறும்போது சென்சாரும் கூடவே மாறும். கூலர் 80 சதவீதத்துக்குள் நிற்கும்படி வையுங்கள். கோடையில் 0 அல்லது மைனஸ் 5, மார்கழி தை மாதங்களில் மலை மேல் மைனஸ் 10 அல்லது 15.

இதில் இழப்பு எவ்வளவு? மைனஸ் 15-இல் டார்க் கரண்ட் (ஒளியின்றி வெப்பத்தாலேயே சேரும் எலெக்ட்ரான்) பிக்சலுக்கு நொடிக்கு சுமார் 0.02 எலெக்ட்ரான். 20 நிமிடத்தில் 24 எலெக்ட்ரான், அதன் இரைச்சல் 5-க்கும் குறைவு. டார்க் கரண்ட் ஏறக்குறைய ஒவ்வொரு 6 டிகிரிக்கும் இரட்டிக்கும் என்பதால் மைனஸ் 5-இல் 76 எலெக்ட்ரான் ஆகும், இரைச்சல் 8.7. ரீட் நாய்ஸுக்குச் சமமாக வந்துவிட்டது, ஆனால் அதைத் தாண்டவில்லை. மைனஸ் 5-இல் எடுத்த படத்தைப் பார்த்து யாரும் மனம் உடைய வேண்டியதில்லை.

டார்க் நூலகத்தை வானம் மூடிய நாளில் ஏசி அறையில் எடுத்து வைக்கலாம். வெயில் நேரத்தில் 33 டிகிரி அறையில் முயன்றால் கூலர் எட்டாது. மூடி உலோகமாக இருக்கட்டும். சில கறுப்பு பிளாஸ்டிக் மூடிகள் அகச்சிவப்பை விட்டுவிடும், சென்சாருக்கு அது தெரியும்.

நம் பக்கத்துப் பெரிய தொல்லை ஈரப்பதம். சென்சார் அறைக்குள் நுழையும் ஈரம் சில்லின் மேல் உறைபனியாகப் படியும். படத்தின் நடுவில் மங்கலான திட்டு, அதில் இலை நரம்பு போன்ற கோடுகள் தெரிந்தால் அது உறைபனிதான். ஃப்ளாட் (சீரான வெளிச்சத்தில் எடுத்து, தூசி நிழல்களைச் சரிசெய்யும் படம்) போட்டாலும் போகாது. வெளிக் கண்ணாடியில் படியும் பனித்துளி வேறு: விசிறிக் காற்று பட்டால் அகலும். உள்ளே உறைந்தது அகலாது. உறைந்துவிட்டால் கூலரை அணைத்து, அறை வெப்பத்துக்கு வரவிட்டு, ஈரத்தை உறிஞ்சும் டெசிகண்ட் பிளக்கைக் கழற்றுங்கள். ரப்பர் ஓ-ரிங்கை எடுத்துவிட்டு, சமையலறை ஓவனில் 175 டிகிரி செல்சியஸில் 4 மணி நேரம் சூடாக்க வேண்டும். மைக்ரோவேவ் கூடாது. ஓ-ரிங்கோடு போட்டால் ரப்பர் வெந்துவிடும், பிறகு அந்த வழியாகவே ஈரம் நுழையும். ஆறியதும் ஓ-ரிங்கில் மெல்லிய சிலிகான் கிரீஸ் தடவி உடனே மாட்டிவிட வேண்டும். மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால் நம் ஊர்க் காற்றிலேயே பாதி நிரம்பிவிடும்.

மின்சாரம் 12 வோல்ட். இங்கே பலரும் கோட்டைவிடுவது வயரில். 0.75 ஸ்கொயர் எம்எம் வயரை 5 மீட்டர் நீட்டினால் போக வர 10 மீட்டர் செம்பு, மின்தடை சுமார் 0.23 ஓம். 3 ஆம்பியர் இழுக்கும்போது 0.7 வோல்ட் வழியிலேயே கரையும். பாட்டரியும் நள்ளிரவில் தளர்ந்திருக்கும். கூலர் தள்ளாடும், படத்தில் கிடைக்கோடுகள் ஓடும், கேமராவில் கோளாறு என்று நினைப்போம். 2.5 ஸ்கொயர் எம்எம் வயர் போட்டால் இழப்பு 0.2 வோல்ட்தான். யுஎஸ்பி வயரையும் 5 மீட்டருக்கு மேல் இழுக்க வேண்டாம்.

சென்சார் ஃபுல்-ஃப்ரேம் வகை (35 மி.மீ. அளவைச் சொல்லும் பெயர் அல்ல இது), படத்தை வெளியே அனுப்பும்போதும் ஒளியை வாங்கிக்கொண்டே இருக்கும். அதனால் இயந்திர ஷட்டர் கட்டாயம். குறைந்தபட்ச எக்ஸ்போஷர் 0.1 நொடி என்றாலும், ஃப்ளாட்டை 3 நொடிக்குக் குறையாமல், 20,000 முதல் 25,000 ஏடியு வரும்படி எடுங்கள். அந்தி வானம் அதிக வெளிச்சமாக இருந்தால் வெள்ளைத் துணியை இரண்டாக மடித்துக் கட்டினால் போதும்.

சிசிடி இன்னும் ஜெயிக்கும் இடம் ஒன்று உண்டு: பின்னிங். 2 × 2 பின் செய்தால் நான்கு பிக்சலின் எலெக்ட்ரான்களும் சில்லிலேயே ஒன்றுசேர்ந்து ஒரே ஒரு முறை படிக்கப்படும், ரீட் நாய்ஸும் ஒரு முறைதான். இன்றைய சிமாஸில் நான்கையும் தனித்தனியே படித்துப் பிறகு கூட்டுவதால் இரைச்சல் இரட்டிக்கும். 2000 மி.மீ. தொலைநோக்கியில் பின் செய்யாமல் 0.56 ஆர்க்செகண்ட் என்பது நம் வானத்துக்கு ஆடம்பரம். பின் செய்து 1.1-இல் எடுப்பதே சரி. பிரகாச அளவீட்டுக்கும் இந்த அமைப்பு ஒத்துவரும், விண்மீனின் உச்சம் 40,000 ஏடியுவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆன்டி-புளூமிங் (நிரம்பிய பிக்சலின் மிகுதியை வடித்துவிடும் வசதி) உள்ள சென்சார் என்பதால் அதற்கு மேல் நேர்விகிதத்தை நம்ப முடியாது.

ஃபில்டர் 36 மி.மீ. என்றால் கவலையில்லை. ஒன்றேகால் அங்குலம் மலிவு, ஆனால் வேகமான தொலைநோக்கிகளில் மூலைகள் இருளும். மென்பொருளில் சிக்கல் ஏதும் இல்லை, நினாவிலும் மேக்ஸிம் டிஎல்-லிலும் ஓடுகிறது. உங்கள் விண்டோஸ் பதிப்புக்கு டிரைவர் ஏறுகிறதா என்று மட்டும் முன்பே பாருங்கள்.

வாங்கும் முன் விற்பவரிடம் மூன்று கோப்புகள் கேளுங்கள், ஜேபெக் வேண்டாம், வானியல் படங்களுக்கான ஃபிட்ஸ் வடிவில்: ஒரு பயஸ், மைனஸ் 5-இல் 20 நிமிட டார்க், ஒரு ஃப்ளாட். மூன்றின் ஹெடரிலும் சென்சார் வெப்பநிலை பதிவாகியிருக்கும். வைத்த அளவுக்கும் அடைந்த அளவுக்கும் அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் விசிறியோ பெல்டியரோ சோர்ந்திருக்கிறது. டார்க்கில் சிதறிய வெள்ளைப் புள்ளிகள் வயதின் அடையாளம், கழித்தால் போய்விடும். முழு நெடுக்குக் கோடுகள் பல இருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லலாம். டார்க்கின் ஒரு பக்கம் மட்டும் வளைவான விளிம்போடு வெளுத்திருந்தால் ஷட்டர் முழுதாக மூடவில்லை. இதற்கு உதிரிப்பாகம் தேடி அலைய வேண்டியிருக்கும், அந்தக் கேமராவை மட்டும் வேறு யாராவது வாங்கிக்கொள்ளட்டும்.