நான்கு சக்கரமும் இழுக்கும் என்றார்கள்: என் 3,85,000 ரூபாய் போன வழி

வண்டி என் கைக்கு வந்து இன்றோடு பத்தொன்பது நாள். ஓடியது ஆறே நாள். மீதி நாளெல்லாம் சத்தியமங்கலத்தில் ஒரு பட்டறையின் வேப்பமரத்தடியில், முன்பக்கம் ஜாக்கி முட்டுக் கொடுத்து நிற்கிறது. கொடுத்தது 3,85,000 ரூபாய். யாரிடம் என்று பெயர் எழுதப் போவதில்லை. வக்கீல் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். பழைய வண்டிகளை விளம்பரப்படுத்தும் கைபேசிச் செயலி ஒன்று, அதில் விளம்பரம் போட்ட பைபாஸ் ஓரத்துக் கார் கன்சல்டிங் ஒன்று. இவ்வளவு போதும். பழைய டீசல் வேன், அதிலும் நான்கு சக்கர இயக்கம் உள்ளது வாங்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். எதையெதைப் பார்த்து வாங்க வேண்டும், வாங்கிய பிறகு எப்படிப் பராமரிக்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

சமவெளியில் இருப்பவனுக்கு எதற்கு அந்த வண்டி என்று கேட்பீர்கள். கடம்பூர் மலையில் மாமனாருக்கு நான்கு ஏக்கர் இருக்கிறது. மரவள்ளி, ராகி, ஓரத்தில் பலா. சத்தியிலிருந்து கே.என்.பாளையம் வழியாகக் கடம்பூர் வரை தார்ச்சாலை, எந்த வண்டியும் ஏறும். அதற்கப்புறம் தோட்டத்துக்குப் பிரிவது மண்தடம். நடுவில் ஒரு பள்ளம். மழை பிடித்தால் முழங்கால் தண்ணீர் ஓடும். அக்கரை ஏற்றம் முழுக்கச் செம்மண் சேறு. பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டி அங்கே சுற்றிக்கொண்டே நிற்கும். போன வருடம் கிழங்கு மூட்டைகளை ஆள் வைத்துப் பள்ளத்துக்கு இந்தப் பக்கம் தூக்கி வந்ததில், கூலியே விலையைத் தின்றுவிட்டது. அதனால்தான் இந்த வருடம் துணிந்தேன். மஞ்சள் விற்ற பணம், இரண்டு எருமை விற்ற பணம், பற்றாக்குறைக்குக் கூட்டுறவு வங்கியில் மனைவியின் ஆரம். அப்படிச் சேர்ந்ததுதான் அந்த 3,85,000.

விளம்பரத்தில் இருந்தது இது: 2013 மாடல், ஒன்பது இருக்கை, டீசல், 1,12,000 கிலோமீட்டர் ஓடியது, 'மலைக்கு ஏற்ற வண்டி, நான்கு சக்கரமும் இழுக்கும்'. பக்கத்தில் 'சரிபார்க்கப்பட்டது' என்று பச்சை முத்திரை வேறு. அவர்கள் சரிபார்த்தது விற்பவரின் கைபேசி எண்ணை மட்டும் என்பது பிறகுதான் தெரிந்தது.

நானும் மச்சினனும் காலை எட்டு மணிக்கே போய்ச் சேர்ந்தோம். பானட்டில் கை வைத்தேன், சுட்டது. "இப்போதுதான் டீசல் போட்டுக்கொண்டு வந்தோம்" என்றான் அங்கிருந்த பையன். அங்கேயே திரும்பியிருக்க வேண்டும். திரும்பாததற்குக் காரணம் கடைக்காரர்.

அவர் முதல் அரை மணி நேரம் வண்டியைப் பற்றிப் பேசவே இல்லை. எந்த ஊர் என்று கேட்டார். அந்த ஊரில் யார் வீடு என்றார். அப்பா பெயர், அப்புச்சி ஊர், எந்த நோம்பிக்கு எந்தக் கோயில் என்று ஒவ்வொன்றாகப் போய்க் கடைசியில் எந்தக் கூட்டம், அதாவது எந்தக் குலம், என்பதில் வந்து நின்றது. நான் சொன்னதும் நாற்காலியை விட்டு எழுந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "அடடே, நம் பங்காளி! ஒரே சாமிக்குப் பொங்கல் வைக்கிறவர்கள். உனக்குப் போய் நான் சொத்தை வண்டியைக் கொடுப்பேனா தம்பி?" அதுவரை 'நீங்கள்' என்று பேசியவர் அந்த நொடியிலிருந்து 'நீ' என்றார். அந்த ஒரு 'நீ'யில் நான் குளிர்ந்துபோய்விட்டேன். இளநீர் வந்தது. மச்சினனுக்குக் காரச்சேவு வந்தது. மெக்கானிக்கைக் கூட்டி வந்து ஒருமுறை பார்க்கிறேன் என்று வாய்வரை வந்த பேச்சை, அவர் மனம் நோகுமே என்று இளநீரோடு சேர்த்து விழுங்கினேன்.

ஷெட்டுக்குப் பின்னால் தார் போட்ட காலியிடம். லீவரை நான்கு சக்கர நிலைக்குத் தள்ளினார். டாஷ்போர்டில் பச்சை விளக்கு எரிந்தது. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து, நின்ற இடத்திலேயே சுற்றுவதைப் போல வட்டமடித்துக் காட்டினார். ஒரு முக்கல் முனகல் இல்லை. "பார்த்தாயா, பஞ்சு மாதிரி திரும்புகிறது" என்றார். நானும் பூம்பூம் மாடு போலத் தலையாட்டினேன்.

இந்த இடத்தை நினைக்கும்போதெல்லாம் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. இந்த வகை வண்டியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில், இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற வழிவிடும் டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கர அமைப்பு கிடையாது. நான்கு சக்கர நிலைக்குப் போட்டால் இரண்டு அச்சும் பூட்டிக்கொண்டு ஒரே வேகத்தில் சுற்றும். ஆனால் வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களை விட நீளமான வட்டத்தில் போக வேண்டும். சேற்றில் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். காய்ந்த தாரில் வழுக்க வழியில்லை. ஸ்டியரிங் கனக்கும், டயர் தேய்கிற சத்தம் வரும், வண்டி கழுத்தைப் பிடித்தது போல முரண்டு பண்ணும். முரண்டு பண்ணியிருந்தால் அது உருப்படியான வண்டி. பஞ்சு மாதிரி திரும்பியதே, அதுதான் நோய். அந்தப் பச்சை விளக்கோ, இழுவையை முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் லீவர் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை மட்டும் சொல்லும். முன்சக்கரத்துக்கு இழுவை போகிறதா என்பது அதற்குத் தெரியாது. இதெல்லாம் எனக்குப் பட்டறையில் சொல்லப்பட்ட பாடம். பாடத்துக்குக் கட்டணம் 3,85,000 ரூபாய்.

பணம் கொடுத்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். முன்பணம் 25,000 கைபேசி வழியாக. மீதி 3,60,000 ரொக்கமாகத்தான் வேண்டும் என்றார். டெலிவரி நோட்டில் 1,90,000 என்று எழுதினார். ஏன் என்றேன். "இரண்டு லட்சத்துக்கு மேல் ரொக்கம் என்று எழுதினால் வருமான வரிக்காரன் உன்னையும் கேட்பான், உனக்கு எதற்கு அந்தத் தொல்லை" என்றார். என் மேல் எவ்வளவு அக்கறை! இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குகிறவருக்குத்தான் அபராதம் என்று வக்கீல் சொன்ன பிறகுதான் விளங்கியது. பணக்கட்டைச் சாமி படத்துக்கு முன் வைத்து எடுத்துவிட்டுத்தான் எண்ணினார். என் நெற்றியில் விபூதி பூசினார். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். முன்சக்கரங்களுக்கும் சேர்த்து!

ஐந்து நாள் தார்ச்சாலையிலேயே ஓடியதால் ஒன்றும் தெரியவில்லை. ஆறாம் நாள் மலையில் நல்ல மழை. பள்ளத்தில் இறங்கி அக்கரை ஏற்றத்தில் லீவரைத் தள்ளினேன். பச்சை விளக்கு எரிந்தது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பின்னால் சேறு வாரி இறைக்கிறதே தவிர வண்டி அங்குலம் நகரவில்லை. மச்சினன் இறங்கி முன்னால் போய்க் குனிந்து பார்த்தான். "மாமா, முன்சக்கரம் சும்மா உட்கார்ந்திருக்கிறது" என்றான். இருட்டும் வரை போராடி, கடைசியில் டிராக்டர் வைத்து இழுத்தோம்.

மறுநாள் சத்தியில் மெக்கானிக் அண்ணன் வண்டிக்கடியில் படுத்தார். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு சிரிக்கும் சத்தம் கேட்டது. "நீயே வந்து பார்" என்றார். பார்த்தேன். முன்னச்சுக்கு இழுவையைக் கொண்டுபோக வேண்டிய தண்டு, புரொப்பெல்லர் ஷாஃப்ட், இல்லவே இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் முன்வாயில் ஒரு ஜவுளிக்கடைப் பையை மடித்துச் சுற்றி, சைக்கிள் டியூப் துண்டால் இறுக்கிக் கட்டி, மேலே கிரீஸை அப்பியிருந்தார்கள். கிரீஸைத் துடைத்தபோது பையில் 'நன்றி, மீண்டும் வருக' என்று இருந்தது. முன் டிஃபரன்ஷியலின் அடித்திருகைக் கழற்றினால் ஒரு சொட்டு எண்ணெய் இறங்கவில்லை. எஞ்சின் ஆயிலோ தேன்பாகு போலக் கெட்டி. புகையை மறைக்கச் செய்கிற வேலையாம். ஆயிலை மாற்றி மறுநாள் காலை குளிர்ந்த எஞ்சினை எடுத்தால், பட்டறை முழுக்க நீலப்புகை. எஞ்சினைத் தொடாமல் முன்பக்கத்தை மட்டும் சரிசெய்யவே 88,000 ரூபாய் ஆகும் என்கிறார். 3,85,000 கொடுத்து, அதற்கு மேல் 88,000.

பங்காளிக்குப் போன் செய்தேன். "அப்படியா தம்பி, வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன், சாயங்காலம் கூப்பிடு." சாயங்காலம் கோயிலில் இருந்தார். அடுத்த நாள் அவர் மகன் எடுத்து அப்பா குளிக்கிறார் என்றான். அன்று மட்டும் மூன்று முறை குளித்தார். நான்காம் நாள் நேரில் போய் நின்றேன். இளநீர் இல்லை. 'நீ'யும் இல்லை. "நீங்கள்தானே ஓட்டிப் பார்த்து எடுத்தீர்கள்? 'உள்ளது உள்ளபடி' என்று எழுதிக் கீழே உங்கள் கையெழுத்து இருக்கிறது பாருங்கள்" என்றார். ஜவுளிக்கடைப் பையை மேசையில் வைத்தேன். "இந்த ஆறு நாளில் நீங்களே ஷாஃப்டைக் கழற்றி விற்றுவிட்டு வந்திருந்தால் எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அடுத்து சொன்னதைக் கேளுங்கள்: "1,90,000 ரூபாய் வண்டியில் இதற்கு மேல் என்ன எதிர்பார்க்கிறீர்கள்?" பக்கத்தில் அதே சாமி படம்.

செயலிக்காரர்களிடம் போனால் மனிதன் யாரும் பேசுவதில்லை. எழுதினால் புகார் எண் ஒன்று வருகிறது. இரண்டு நாள் கழித்து, 'நாங்கள் வாங்குபவரையும் விற்பவரையும் அறிமுகம் மட்டுமே செய்கிறோம், உங்கள் புகார் தீர்த்துவைக்கப்பட்டது' என்று பதில். எதைத் தீர்த்தார்கள்? காவல் நிலையத்தில் இது சிவில் விவகாரம் என்றார்கள். இதற்கிடையில் ஆர்.சி.யை எடுத்துப் பார்த்தால், ஊட்டிப் பக்கத்துக்காரர் ஒருவர் பெயரில் இருக்கிறது. கடன் கொடுத்த நிதி நிறுவனத்தின் பெயரும் அதில் அப்படியே நிற்கிறது. கடன் அடைந்ததா என்று கேட்கக்கூட இப்போது கன்சல்டிங்கில் போன் எடுக்க ஆள் இல்லை.

ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடப் போகிறேன். ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கியதற்கு மனுக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். என்னிடம் இருப்பது வங்கியில் பணம் எடுத்த கணக்கு, மச்சினன் சாட்சி, அந்தப் பை.

விவரமாக எழுதுகிறேன் என்று மேலே சொல்லிவிட்டேன். பட்டறையிலிருந்து இரண்டு முறை அழைத்துவிட்டார்கள், கையும் நடுங்குகிறது. நினைவுக்கு வருவதை மட்டும் எழுதுகிறேன். வண்டிக்கடியில் குனிந்து பாருங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து பின்னால் ஒரு ஷாஃப்ட், முன்னால் ஒரு ஷாஃப்ட் போக வேண்டும். சேற்றிலோ மணலிலோ ஏற்றி, ஒருவர் வெளியே நின்று முன்சக்கரம் சுழல்கிறதா என்று பார்க்கட்டும். எஞ்சின் சூடாக இருந்தால் நாளை வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்புங்கள். பரிவாகன் என்ற அரசின் வாகனப் பதிவு இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டுக் கடன் நிலுவை உண்டா என்று பாருங்கள். கடன் இருந்தால், ஆர்.சி.யில் கடன் பதிவை நீக்கும் படிவம் 35ம் நிதி நிறுவனத்தின் சான்றும் இல்லாமல், பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் வாங்கும் கையெழுத்தை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். கொடுத்த தொகை முழுவதும் காகிதத்தில் இருக்கட்டும். பராமரிப்பைப் பற்றி மெக்கானிக் அண்ணன் நிறையச் சொன்னார்: மாதம் ஒருமுறையாவது மண்தடத்தில் நான்கு சக்கர நிலையில் ஓட்ட வேண்டும், இல்லையென்றால் உள்ளே எண்ணெய் ஏறாமல் சீல் காய்ந்துவிடும், பள்ளத்துத் தண்ணீரில் இறங்கி ஏறினால் டிஃபரன்ஷியல் எண்ணெய் பால் போல வெளுத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், டீசல் ஃபில்டரில் தேங்கும் தண்ணீரை வடிக்க வேண்டும். மற்றது இன்னொரு நாள்.

நேற்று இரவு அதே செயலியைத் திறந்தேன். அதே ஷெட், அதே தார் போட்ட காலியிடம், வேறு ஒரு வெள்ளை வேன், அதே பச்சை முத்திரை. 'நான்கு சக்கரமும் இழுக்கும்' என்று எழுதியிருக்கிறார்கள். விலை 4,10,000. கோபி, அந்தியூர், பவானிப் பக்கத்திலிருந்து யாராவது அதைப் பார்க்கக் கிளம்பினால் கையில் டார்ச் விளக்கும், கீழே விரிக்க ஒரு சாக்கும் எடுத்துப் போங்கள். எந்தக் கூட்டம் என்று கேட்டால் பதில் சொல்லாதீர்கள்.