பென்லியா, புல்லட்டா? கொழும்பில் உதைத்து ஓட்ட எது தோது

பழைய மோட்டார் சைக்கிள் வாங்கப்போகிறேன் என்று யாராவது சொன்னால், எங்கள் வட்டத்தில் பேச்சு சுற்றிச் சுற்றி மூன்று பெயர்களுக்குத்தான் வரும்: ஹொண்டா சி.டி. 125 பென்லி, றோயல் என்ஃபீல்ட் புல்லட் 350, ஹொண்டா எம்.டி. 90. பென்லியின் பிந்திய மொடல்கள் சிலவற்றில் ஸ்டார்ட் சுவிச் உண்டு, அவற்றை விட்டுவிடுவோம். நான் சொல்வது, காலால் உதைத்துக் கிளப்பும் கிக்கர் மட்டுமே உள்ளவற்றைப் பற்றி. வேகம், விலை, தோற்றம் என்று ஆளுக்கொரு அளவுகோல் வைத்திருப்பார்கள். என் கட்சி வேறு. காலுக்கு எந்த உதை ஒத்துவருகிறது என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

புல்லட்டில் தொடங்குவோம். சிலிண்டர் விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் ஏறியிறங்கும் ஓட்டம் 90 மி.மீ., ஒரே சிலிண்டர், 346 சீசீ. அந்தப் பிஸ்டன் அழுத்தத்தில் நிற்கும்போது கிக்கரில் ஏறி நின்றாலும் அது இறங்காது. பலத்தால் ஆகாத காரியம், முறையால் ஆகும். சாவியைப் போட்டுவிட்டுக் கிக்கரை மெல்ல அமுக்கியபடியே ஹெட்லைற்றுக்கு மேலுள்ள, மின்னோட்டம் காட்டும் அம்மீற்றரைப் பாருங்கள். பொயின்ற் (ஸ்பார்க்குக்கு மின்சாரத்தைத் தொடுத்து விடுவது) மூடியிருக்கும்போது முள் ஒரு பக்கம் சாயும், திறந்ததும் நடுவுக்கு வரும். கால் இறுகும் இடத்தில் இடது கைப்பிடியிலுள்ள டிகம்பிறசரை (சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் லீவர்) இழுத்து, முள் நடுவுக்கு வரும்வரை ஒரு சொட்டு அமுக்கி, டிகம்பிறசரை விட்டுவிட வேண்டும். பிஸ்டன் இப்போது உச்சியைச் சற்றுத் தாண்டி நிற்கிறது. கிக்கரை முழுதாக மேலே வரவிட்டு, ஒரே வீச்சில் அடிவரை உதையுங்கள். அடுத்த அழுத்தம் வருவதற்குள் எஞ்சினோடு சுழலும் அந்தக் கனத்த ஃபிளைவீல் சக்கரம் வேகம் எடுத்துவிடும். பிறகு எஞ்சின் தன்பாட்டில் பிடித்துக்கொள்ளும்.

இதை அரைகுறையாகச் செய்தால் தண்டனை உண்டு. ஸ்பார்க் டைமிங் முந்தியிருந்து உதையும் பாதியில் தளர்ந்தால், பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே ஸ்பார்க் அடித்துக் கிக்கரைத் திருப்பி எறியும். செருப்புக் காலோடு புல்லட்டை உதைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். கணுக்காலை மூடிய சப்பாத்து இல்லாமல் கிட்டப்போகாதீர்கள். முறை கைவந்துவிட்டாலோ, ஒரே உதையில் அந்த டப்-டப் எழும்பும்போது வருகிற மகிழ்ச்சிக்கு ஈடில்லை. மூன்றிலும் நான் மனதாரக் கும்பிடுகிற உதை இதுதான்.

ஆனால் தும்முல்லைச் சந்தியில், பின்னால் பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு நிற்க, எஞ்சின் நின்றுபோனால் அம்மீற்றர் முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்றவை கீழே. மற்ற பைக் ஓட்டிப் பழகியவரின் கால் பதற்றத்தில் தவறான பக்கத்தையே தேடும். சூடான எஞ்சினை மறுபடி கிளப்புவதும் தனிக் கலை. ஞாயிறு விடியலில் காலிமுகத்திடல் வரை போய்வர அதைவிடச் சிறந்தது இல்லை. திங்கட்கிழமை எட்டு மணி மருதானைக்கு அது ஆகாது.

பென்லி இதற்கு நேர்மாறு. 124 சீசீயை இரண்டு சிலிண்டராகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் 44-க்கு 41 மி.மீ. தான். பிஸ்டன் இரண்டும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும், வெடிப்பது மாறி மாறி. அதனால் பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிரேங்க் சுற்றும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு. காலுக்கு வருவது சின்னச் சின்ன எதிர்ப்புத்தான். சீற்றில் இருந்தபடியே உதைக்கலாம். சாரம் கட்டிக்கொண்டு உதைத்துப் போகிற ஐயாமாரும் இருக்கிறார்கள். சத்தமோ ஒரு சீரான முணுமுணுப்பு. அந்த அளவில் அப்படி இழுத்துத் தைத்ததுபோல ஓடும் எஞ்சின் அபூர்வம்.

அதற்கும் ஒரு குணம் இருக்கிறது. ஒரு சிலிண்டர் செத்தாலும் மற்றதில் ஓடிக்கொண்டே இருக்கும். இழுவை குறைந்திருக்கிறது என்று மட்டும் தெரியும், ஏன் என்று தெரியாது. ஸ்டார்ட் செய்த கையோடு இரண்டு எக்ஸோஸ்ற் குழாயிலும் தண்ணீரை விரலால் தெளித்துப் பாருங்கள். உயிருள்ள பக்கம் சுர்ரென்று ஆவியாகும், செத்த பக்கம் துளி அப்படியே வழிந்து போகும். பழைய 6 வோல்ற் வண்டியென்றால் இன்னொரு தொல்லை: சந்தியில் பிரேக்கையும் சிக்னலையும் சேர்த்துப் போட்டால் ஹெட்லைற் மங்கிவிடும். இரவு ஓட்டம் அதிகமுள்ளவர்கள் 12 வோல்ற் மொடலைத் தேடுவது நல்லது.

எம்.டி. 90 ஜப்பான் தபாற்காரரின் வண்டி. சிவப்பு நிறம், படுத்த சிலிண்டர், மூன்று கியர், கிளச் லீவரே இல்லை. கையால் அமுக்கினாலே ஸ்டார்ட் ஆகிவிடும் என்று சொல்லுமளவுக்கு உதை இலகு. எனக்கு அந்த இலகு போதாது. ஆனால் நம்மவர்களுக்கு அது வெறும் வண்டி அல்ல. வெள்ளவத்தையில் ஓர் எம்.டி. 90-ஐ நிறுத்தினால் அறுபது கடந்த ஒருவர் வந்து, “தம்பி, இதில மண்ணெண்ணெய் விட்டு ஓடின ஆக்கள் நாங்கள்” என்று தொடங்குவார். 1990களின் பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லை. கார்பரேற்றருக்குச் சில துளி பெற்றோல் விட்டுக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். புகையும் கரியுமாகப் பிளக் அடைக்கும், கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி உதைப்பார்கள். 2022இல் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூ.ஆர். முறை வந்து மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று ஆனபோதும் தலை நிமிர்ந்து ஓடியவை இந்தச் சின்ன ஹொண்டாக்கள்தான்.

பார்ட்ஸ் விஷயத்தில் புல்லட்காரர் பாக்கியவான். 1955இல் மெட்ராஸில் தொடங்கிய தயாரிப்பு, இங்கிலாந்தில் 1970இல் எல்லாம் முடிந்த பிறகும் நிற்கவில்லை. அதே இரும்பு எஞ்சின் பல பத்தாண்டுகள் பெரிய மாற்றமின்றி வந்ததால் பிஸ்டன், கேபிள், பொயின்ற் எல்லாம் இந்தியாவிலிருந்து எடுக்கலாம். நட்டுகள் மட்டும் பிரித்தானிய அங்குல அளவு. மில்லிமீற்றர் ஸ்பேனரைப் போட்டு முனையை உருட்டிவிடாதீர்கள். பென்லிக்குப் பஞ்சிகாவத்தைப் பார்ட்ஸ் கடைகளில் ஏறி இறங்க வேண்டும். பாவித்த சாமான் கிடைக்கும், ஆனால் கையில் எடுத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். அதன் எஞ்சின் மூடி ஸ்குரூக்களுக்கு ஜப்பானிய அளவு டிறைவர் தேவை. சாதாரண ஸ்டார் டிறைவர் வழுக்கித் தலையைத் தேய்த்துவிடும். ஸ்குரூத் தலைகள் சிதையாத பென்லியைக் கண்டால், அதை வைத்திருந்தவர் அருமை தெரிந்தவர் என்று நம்பலாம்.

கடற்கரைப் பக்கம் குடியிருந்தால் உப்புக்காற்று எல்லாவற்றையும் தின்னும். பென்லிக்குச் சைலன்சர் இரண்டு, செலவும் இரண்டு. அதன் செயின் முழுதாக மூடிய பெட்டிக்குள் இருப்பது மழைக்காலத்தில் பெரிய ஆறுதல்.

ஆகவே என் தீர்ப்பு: கொழும்பில் ஒரேயொரு பழைய வண்டிதான், அதுவும் தினமும் ஓட்ட வேண்டும் என்றால் பென்லி. வேலைக்குப் போக வேறு வாகனம் இருக்கிறது, ஆற அமர உதைக்க நேரமும் இருக்கிறது என்றால் புல்லட். வீட்டில் அப்பாவின் எம்.டி. 90 இருந்தால் அதை விற்காதீர்கள், இரண்டாவதாக எது வேண்டுமானாலும் வாங்குங்கள்.

எதை வாங்கினாலும், விலை பேசுமுன் எஞ்சின், சேசிஸ் இலக்கங்களைப் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப்பாருங்கள். பிசகியிருந்தால் நாரஹேன்பிட்டியில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அலைந்தே காலம் போய்விடும். பழைய ஸ்ரீ எழுத்து இலக்கத் தகடு அழகாக இருக்கிறது என்று அதில் மயங்க வேண்டாம். போனதும் முதலில் சிலிண்டரைத் தொட்டுப்பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருமுன்னே விற்பவர் கிளப்பி வைத்திருக்கிறார். தேத்தண்ணி குடித்து, கதைத்து, நன்றாக ஆறவிட்டு, பிறகு நீங்களே உதையுங்கள்.