தண்ணீரா, காற்றா?

சென்னைக்காரர்களிடம் டிசம்பர் என்றாலே இரண்டு கதை உண்டு: 2015 வெள்ளம், 2016 வர்தா புயல். இரண்டையும் 'புயல் மழை' என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். அது சரியில்லை.

வர்தா டிசம்பர் 12 அன்று பகலிலேயே கரையைக் கடந்தது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் காற்று. ஆயிரக்கணக்கில் மரங்கள் சாய்ந்தன. புயலின் கண், அதாவது அதன் நடுப்பகுதி, மேலே வரும்போது காற்று அடங்கும். முடிந்ததென்று தெருவில் இறங்கினால் எதிர்த்திசையிலிருந்து மறுபடி அடிக்கும். ஆனாலும் ஒரே நாளில் ஓய்ந்துவிட்டது.

வெள்ளம் அப்படியில்லை. 2015 நவம்பரில் பெய்த மழையிலேயே ஏரிகள் நிரம்பி, மண் ஊறிப்போயிருந்தது. டிசம்பர் 1 அன்று மறுபடி கொட்டியதும் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்குச் சுமார் 29,000 கன அடி திறந்தார்கள். மற்ற ஏரிகளின் உபரிநீரும் அடையாற்றில் சேர்ந்தது. சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் எல்லாம் மூழ்கின. உங்கள் தெருவில் மழை விட்டிருக்கலாம். ஆறு அதைப் பார்க்காது. விமான நிலையமே நாள்கணக்கில் மூடிக்கிடந்தது.

எனக்கு வெள்ளம்தான் பயம். காற்றுக்கு ஜன்னலைச் சாத்தி, பைக்கை மரத்தடியிலிருந்து நகர்த்தினால் பாதி வேலை முடிந்தது. ஆற்றோரம் தரைத்தளத்தில் இருப்பவர்களோ வானிலை அறிக்கையோடு ஏரியின் நீர்மட்டத்தையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.