ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா காருக்கு எந்த ஸ்கேனர்? ஈஎல்எம்327, ஓபிடி இலெவன், விசிடிஎஸ்: ஓர் அலசல்

ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் கோளாறு பார்க்கும் எந்த ஸ்கேனரைச் செருகினாலும் ஏதோ ஒன்றைப் படித்துக் காட்டும். அதனால்தான் ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் நீல நிற ஈஎல்எம்327-ம், அதைவிடப் பல மடங்கு விலையுள்ள விசிடிஎஸ் கேபிளும் ஒரே வேலையைச் செய்வதுபோலத் தோன்றுகிறது. காரிலிருந்து படிப்பதை வைத்துக் கருவியை எடைபோடக் கூடாது. காரின் கணினிகளுக்குள் எதை எழுத முடியும், அதாவது எந்த அமைப்பை மாற்ற முடியும், எழுதியது தப்பானால் பழைய மதிப்பைத் திரும்பக் கொண்டுவர முடியுமா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

சட்டம் கேட்பது புகை சம்பந்தப்பட்ட கோளாறுகளை மட்டும்தான். இன்ஜினும் சில கார்களில் கியர்பாக்ஸும் எல்லா ஸ்கேனருக்கும் பொதுவான மொழியில் பதில் சொல்ல வேண்டும், அவ்வளவே. ஏபிஎஸ், ஏர்பேக், ஏசி, மீட்டர் கன்சோல் எல்லாம் கேட்வே (எல்லாவற்றையும் இணைக்கும் பெட்டி) வழியாகக் கம்பெனியின் சொந்த மொழியில்தான் பேசும். ஃபோக்ஸ்வேகன் குழுமத்தில் ஒவ்வொரு மாட்யூலுக்கும், அதாவது தனித்தனிக் கணினிப் பெட்டிக்கும், ஓர் எண் உண்டு: 01 இன்ஜின், 02 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், 03 ஏபிஎஸ், 09 சென்ட்ரல் எலெக்ட்ரிக்ஸ், 15 ஏர்பேக், 17 மீட்டர், 19 கேட்வே. இந்த எண்களைக் காட்டாத ஸ்கேனர் உங்கள் காரில் பெரும்பகுதியைப் பார்க்கவே இல்லை என்று அர்த்தம்.

ஈஎல்எம்327: எதுவரைக்கும் போதும்?

இதை ஒரேயடியாக ஒதுக்குபவர்கள் அவசரப்படுகிறார்கள். செக் இன்ஜின் லைட் எரிகிறது, கோளாறு எண் (கோடு) பி0171, அதாவது கலவையில் பெட்ரோல் குறைவு என்று வைத்துக்கொள்வோம். ‘டார்க்’ அல்லது ‘கார் ஸ்கேனர்’ என்ற போன் ஆப்பில் லாங் டெர்ம் ஃபியூயல் ட்ரிம்மை (இன்ஜின் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்கிறது என்பதை) திறந்து, இன்ஜின் சூடானபின் ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல், பாருங்கள். பிளஸ் 20 சதவீதத்தை ஒட்டி நின்று, 2500 ஆர்பிஎம்மில் பிடிக்கும்போது 5-க்குக் கீழே இறங்கினால் இன்டேக் பக்கம் எங்கோ காற்று கசிகிறது. பிசிவி ஹோஸ் (இன்ஜின் ஆவியை இன்டேக்குக்குக் கொண்டுபோகும் குழாய்), மேனிஃபோல்டு கேஸ்கெட் இரண்டையும் முதலில் பாருங்கள். ஐடிலில் சாதாரணமாக இருந்து, வேகம் கூடக் கூட ட்ரிம்மும் ஏறினால் பெட்ரோல் வரத்து போதவில்லை: ஃபில்டர், பம்ப், இல்லையேல் காற்றைக் குறைத்து அளக்கும் சென்சார். இந்த முடிவுக்கு வர விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். அதே கோளாறை விசிடிஎஸ்ஸில் பார்த்தால் 16555 என்ற எண்ணும் கூடவே வரும். பி0-வில் தொடங்கும் கோடின் எண்ணோடு 16384-ஐக் கூட்டினால் கிடைப்பதுதான் அது. கோளாறு ஒன்றே.

கோளாறு எண்ணை அழிக்கும் முன் ஃப்ரீஸ் ஃப்ரேமைக் கட்டாயம் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். கோளாறு பதிவானபோது இன்ஜின் என்ன சூட்டில், என்ன சுமையில் ஓடியது என்பது அதில்தான் இருக்கிறது. அழித்தால் அதுவும் போய்விடும், கார் தானே செய்துகொள்ளும் ரெடினெஸ் சோதனைகளும் முதலிலிருந்து தொடங்கும்.

சிக்கல் எங்கே என்றால், சந்தையில் கிடைப்பதில் பெரும்பாலானவை நகல்கள். கனடாவின் எல்ம் எலெக்ட்ரானிக்ஸ் செய்த முதல் சிப்பில் நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு இல்லை. அதிலிருந்து கிளம்பிய நகல்கள் 2.1 என்று முத்திரை குத்திக்கொண்டு, அசல் சிப்பில் இருக்கும் கட்டளைகளில் பலவற்றை விட்டுவிடுகின்றன. நீளமான செய்தி வந்தால் பாதியில் அறுந்துபோகும். படிக்கும்போது அறுந்தால் திரையில் ஒரு எண் வராது, அவ்வளவுதான். எழுதும்போது அறுந்தால் மாற்றம் அரைகுறையாக நின்றுவிடலாம். கேரிஸ்டா, கார் ஸ்கேனர் போன்ற ஆப்கள் ஃபோக்ஸ்வேகன் கார்களில் சில அமைப்புகளை மாற்றித் தருவது உண்மைதான். அதைச் செய்வதானால் அந்த ஆப் பரிந்துரைக்கும் நல்ல அடாப்டரில் செய்யுங்கள். மலிவு நகலில் எழுதவே எழுதாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. சாக்கெட்டின் 16-வது பின்னில் சாவி இல்லாதபோதும் பேட்டரி மின்சாரம் இருக்கும். 50 மில்லியாம்ப் இழுக்கும் ஓர் அடாப்டரைச் செருகியே விட்டால் நாளுக்கு 1.2 ஏஎச் (ஆம்பியர்-மணி) போகும். ஊருக்குப் போய் இரண்டு வாரம் கழித்து வந்தால் 44 ஏஎச் பேட்டரியில் 17 ஏஎச் காணாமல் போயிருக்கும். புளூடூத்தில் இணையக் கேட்கும் எண்ணும் பலவற்றில் 1234-தான், யாரும் இணைந்துவிடலாம். வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

ஓபிடி இலெவனா, விசிடிஎஸ்ஸா?

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் நடுவில்தான். ஓபிடி இலெவன் லிதுவேனியாவில் பிறந்தது, போனில் இயங்குவது. முதல் தலைமுறைக் கருவி ஆண்ட்ராய்டில் மட்டும் வேலை செய்யும். நெக்ஸ்ட்ஜென் முதல் ஐபோனிலும் ஓடும். செகண்ட் ஹேண்டில் வாங்குவோர் இதைப் பார்த்து வாங்க வேண்டும். விசிடிஎஸ் அமெரிக்காவின் ராஸ்-டெக் செய்வது. ஹெக்ஸ்-வி2 கேபிளுக்கு விண்டோஸ் லேப்டாப் வேண்டும். ஹெக்ஸ்-நெட் என்றால் வைஃபை வழியாகப் போனிலும் பார்க்கலாம்.

செலவுக் கணக்கு வேறு வேறு விதம். விசிடிஎஸ்ஸுக்கு ஒரே தடவை காசு, சாஃப்ட்வேர் அப்டேட் இலவசம். ஆனால் மலிவான பதிப்பு 3 கார்களோடு, அடுத்தது 10 கார்களோடு நின்றுவிடும். ஓபிடி இலெவன் கருவி மலிவு. ஆனால் நீளக் கோடிங்கும் (எந்த வசதி இருக்க வேண்டும் என்று மாட்யூலுக்குச் சொல்லும் எண் வரிசை) அடாப்டேஷனும் (தனித்தனி மதிப்புகளைச் சரிசெய்வது) கையால் செய்ய வருடச் சந்தா கட்ட வேண்டும். சந்தா முடிந்தால் அந்தக் கதவும் மூடிவிடும். ஒரே தட்டலில் முடியும் மாற்றங்களைத் தனியே கிரெடிட் வாங்கிச் செய்யலாம். வாழ்நாளில் நாலைந்து மாற்றம் மட்டும் செய்பவருக்கு இந்தக் கிரெடிட் வழிதான் மலிவு.

எழுதியதைத் திரும்பப் பெறுவதில் இரண்டும் வேறு பாதையில் போகின்றன. ஓபிடி இலெவன் ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாற்றில் வைத்துக்கொள்ளும், பழைய மதிப்பு அங்கே இருக்கும். கவனமில்லாதவரையும் அது காப்பாற்றும். விசிடிஎஸ்ஸில் அந்த ஒழுக்கம் உங்களிடம் இருக்க வேண்டும். முதலில் ஆட்டோ ஸ்கேன் ஓட்டிச் சேமியுங்கள். எல்லா மாட்யூலின் கோடிங்கும் அந்த டெக்ஸ்ட் ஃபைலில் விழும். அடாப்டேஷன் மதிப்புகள் அதில் வராது. அவற்றுக்கு கன்ட்ரோலர் சேனல்ஸ் மேப் என்பதை ஓட்டி, மாட்யூல் மாட்யூலாகத் தனி ஃபைல் எடுக்க வேண்டும். பலர் ஆட்டோ ஸ்கேனோடு நிறுத்திவிட்டு, பிறகு 09-ல் எந்தச் சேனலில் என்ன இருந்தது என்று தேடி அலைகிறார்கள்.

சர்வீஸ் வேலை என்று வந்தால் என் ஓட்டு விசிடிஎஸ்ஸுக்குத்தான். ஆக்டேவியா, சூப்பர்ப் டீசல்களில் வந்த 6 ஸ்பீடு வெட் கிளட்ச் டிஎஸ்ஜியை (ஆயிலில் நனையும் இரட்டைக் கிளட்ச் கொண்ட ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை) எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிலும் ஃபில்டரும் 60,000 கிமீக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். 14 மிமீ ஆலன் கீயால் டிரெயின் பிளக்கைக் கழற்றினால் உள்ளே ஒரு ஓவர்ஃப்ளோ குழாய் இருக்கும், அதை 8 மிமீ ஆலன் கீயால் எடுத்தால்தான் ஆயில் முழுதாக வடியும். குழாயைத் திரும்பப் போட்டு, சுமார் 5 லிட்டர் ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டு, எல்லா கியரையும் ஒரு சுற்று மாற்றி, 02-ல் ஆயில் சூட்டைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். 35 முதல் 45 டிகிரிக்குள் ஓவர்ஃப்ளோவிலிருந்து சொட்டுவது மெதுவாகும்போது பிளக்கை முறுக்க வேண்டும். சூடு 45-ஐத் தாண்டியபின் அளந்தால் விரிந்த ஆயில் கூடுதலாக வெளியே போய், ஆறியபின் அளவு குறைந்து நிற்கும். நம் ஊர் வெயிலில் ஷெட்டுக்குள்ளேயே ஆயில் 35-ஐத் தொட்டிருக்கும், ஆகவே உங்களுக்குக் கிடைக்கும் நேரம் கொஞ்சம்தான். அந்த நேரத்தில் போனின் புளூடூத் அறுந்து, மறுபடி இணைத்து, மெனு தேடுவது பெரிய தொல்லை. லேப்டாப்பை பானெட் பக்கத்தில் வைத்தால் எண் கண்முன்னே ஓடும். பொதுவான ஈஎல்எம் ஆப் இந்தச் சூட்டையே காட்டாது.

எலெக்ட்ரிக் பார்க்கிங் பிரேக் உள்ள கார்களில் பின் சக்கர பிரேக் பேட் மாற்றுவதும் இதே ரகம். காலிப்பருக்குள் மோட்டார் ஒரு ஸ்பிண்டிலைச் சுழற்றித்தான் பிஸ்டனைத் தள்ளுகிறது. ஸ்கேனரால் பின்வாங்கச் சொல்லாமல் கிளாம்ப் வைத்துப் பிஸ்டனை அழுத்தினால் அந்த ஸ்பிண்டில் வீணாகிவிடும். பழைய பஸாட்டில் 53 என்ற பார்க்கிங் பிரேக் மாட்யூலில், பேசிக் செட்டிங்ஸ் 007 திறக்க, 006 மூட, 010 சோதிக்க. எம்கியூபி (ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் பிற்காலப் பொதுத் தளம்) கார்களில் அது 03-க்கு மாறிவிட்டது, பட்டியலில் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். இந்த வேலையை ஓபிடி இலெவனும் நன்றாகச் செய்யும். பிஸ்டன் பின்வாங்கும்போது காலிப்பரில் விரல் இருக்கக் கூடாது.

பேட்டரி மாற்றுவது எளிது. ஸ்டார்ட்-ஸ்டாப் உள்ள கார்களில் 19-ல் புதிய பேட்டரியின் ஏஎச், வகை, தயாரிப்பாளர், சீரியல் நம்பர் நான்கையும் எழுத வேண்டும். அதே அளவு, அதே வகை என்றால் சீரியலில் கடைசி இலக்கத்தை மாற்றினாலே கார் புதியது என்று புரிந்துகொள்ளும். எழுதாவிட்டால் கிழட்டுப் பேட்டரிக்குக் கொடுத்த சார்ஜையே புதியதற்கும் கொடுக்கும். இரண்டு கருவியும் இதில் சமம்.

அமைப்புகளை மாற்றும்போது

இங்கே ஓபிடி இலெவன் முந்துகிறது. ஸ்டார்ட் செய்யும்போது மீட்டர் முட்கள் ஒருமுறை ஏறி இறங்குவது, ரிமோட்டில் கண்ணாடிகளை ஏற்றுவது, லேன் மாற இன்டிகேட்டர் மூன்றுக்குப் பதில் ஐந்து தடவை மின்னுவது, 15 கிமீ வேகத்தில் கதவு பூட்டுவது எல்லாம் பெயரோடு பட்டியலில் நிற்கும். விசிடிஎஸ்ஸில் எம்கியூபி ஆக்டேவியாவின் முள் ஆட்டத்துக்கு 17-ல் நீளக் கோடிங், பைட் 1, பிட் 0 என்று தெரிந்திருக்க வேண்டும். 09-ல் அடாப்டேஷன் மாற்றும் முன் செக்யூரிட்டி ஆக்சஸில் 31347 கொடுக்க வேண்டும். கற்றுக்கொள்ள விரும்புபவருக்கு இதுவே நல்ல பள்ளி, ஏனென்றால் எந்த பிட் என்ன செய்கிறது என்று பார்த்துத்தான் தொடுகிறீர்கள். ஒரே தட்டல் ஆப்பில் கார் சொன்னதைக் கேட்காவிட்டால் ஏன் என்று தெரியாது. போலோவுக்கும் ஆக்டேவியாவுக்கும் பிட்கள் ஒன்றல்ல. வேறு காரின் பைட்டை அப்படியே நகலெடுத்து ஒட்டாதீர்கள், உங்கள் காரின் ஒரு பிட்டை மட்டும் மாற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம், சாவியைத் திருப்பிச் சோதனை, பிறகு அடுத்தது. 15 ஏர்பேக் பக்கம் பொழுதுபோக்குக்குப் போகவே வேண்டாம்.

புதிய கார்களில், கோல்ஃப் 8, நான்காம் தலைமுறை ஆக்டேவியா, ஐடி.3 முதல், எஸ்எஃப்டி என்ற பூட்டு வந்துவிட்டது. கம்பெனி சர்வரிலிருந்து டோக்கன் வந்தால்தான் மாட்யூல் எழுதவிடும், திறந்தால் 90 நிமிடம் திறந்திருக்கும். இணையத்தோடு கட்டிய ஓபிடி இலெவன் ஆப்பிலிருந்தே இதைத் திறக்க முடிவது பெரிய வசதி. உங்கள் கார் இந்த ரகமா என்று தெரிந்துகொண்டு கருவி வாங்குங்கள்.

எந்தக் கருவியானாலும் எழுதும்போது பேட்டரி சோரக் கூடாது. இக்னிஷன் ஆன், இன்ஜின் ஆஃப், ஹெட்லைட், ஏசி ஃபேன் ஆஃப், பேட்டரி 12.4 வோல்ட்டுக்குக் குறைந்தால் சார்ஜர் போட்டுக்கொள்ளுங்கள். எழுதிய கருவியின் அடையாள எண்ணான வொர்க்‌ஷாப் கோடு மாட்யூலில் பதியும். சர்வீஸ் சென்டர் ஸ்கேன் செய்தால் கோடிங்கை யாரோ தொட்டிருப்பது தெரியும். வாரண்டியில் உள்ள காரில் இதை மனதில் வையுங்கள்.

விலை குறைவு என்று நகல் விசிடிஎஸ் கேபிளுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பழைய சாஃப்ட்வேரோடு மட்டும் அது ஓடும், அசல் சாஃப்ட்வேரின் புதிய பதிப்பைப் போட்டால் கேபிள் செத்துப்போகலாம். கூட வரும் லோடர் ஃபைலை ஓட்ட ஆன்ட்டி வைரஸை அணைக்கச் சொல்கிறார்கள். முறையான ஓபிடி இலெவன் மலிவாகவே கிடைக்கும்போது இதில் எந்த லாபமும் இல்லை.

ஒரே கார், வெளியே சர்வீஸ், சில வசதிகள் மட்டும் வேண்டும் என்றால் ஓபிடி இலெவன். டிஎஸ்ஜி, டீசல், வீட்டில் இரண்டு மூன்று ஃபோக்ஸ்வேகன் குழுமக் கார்கள், சொந்தக் கையால் வேலை என்றால் விசிடிஎஸ். டேஷ்போர்டில் விளக்கு எரிந்தால் என்ன என்று தெரிந்தால் போதும் என்பவருக்கு ஒரு நல்ல ஈஎல்எம் அடாப்டர்.

மூன்றும் சேர்ந்தும் திறக்காத கதவு ஒன்று உண்டு. இன்னொரு காரிலிருந்து கழற்றிய இன்ஃபோடெயின்மென்ட் யூனிட், மீட்டர், ஏசி பேனல் போன்றவற்றைப் பொருத்தினால் காம்பொனென்ட் புரொடெக்‌ஷன் என்ற திருட்டுத் தடுப்பு அந்தப் பாகத்தைப் பூட்டிவிடும். கம்பெனியின் ஓடிஸ் மென்பொருளில் ஆன்லைன் லாகின் உள்ளவர்தான் அதை எடுக்க முடியும். எடுத்துத் தருவார்களா, எவ்வளவு கேட்பார்கள் என்று டீலரிடம் பேசிவிட்டு, அதன்பிறகு பழைய பாகத்துக்கு முன்பணம் கொடுங்கள்.