திருமலையில் ரவுட்டர் பிட் செட் வாங்கப் போகிறவர்களுக்கு

மரத்தில் ஓரமும் பள்ளமும் வெட்டுகிற சின்ன ரவுட்டர் மெஷின் வாங்கிவிட்டு அதில் மாட்டுகிற வெட்டு அலகுகள், அதாவது பிட் செட் தேடி டவுனுக்குப் போகிறவர்கள் இதைக் கொஞ்சம் வாசித்துவிட்டுப் போங்கள். கடைப் பெயர் போடவில்லை, இதே மாதிரிப் பெட்டி வேறு கடைகளிலும் கிடக்கிறது.

நான் வாங்கியது 35 பிட், மரப்பெட்டி, மேலே 'கார்பைட்' (அலகில் வைக்கிற கடினமான பொருள்) என்று தங்க எழுத்து. "எல்லாம் கால் இஞ்சிதான் தம்பி, பயமில்லாமல் போடலாம்" என்றார் கடைக்காரர். வேர்ணியர் வைத்துப் பார்த்தால் சிலவற்றின் தண்டு 6.35 மில்லிமீற்றர், சிலது 6. கையால் தடவினால் தெரியாது, ஆனால் கால் இஞ்சிக் கொலெட்டில் (மெஷினில் பிட்டின் தண்டைப் பிடிக்கிற வாய்) 6 மில்லிமீற்றர் தண்டைப் போட்டு எவ்வளவு இறுக்கினாலும் பிடி சரியாக விழாது, ஓட ஓட பிட் மெல்லக் கீழே இறங்கி வெட்டு ஆழமாகிக்கொண்டே போகும், இல்லையென்றால் ஒரேயடியாகக் கழன்று பறக்கும். நிமிடத்துக்கு 30,000 சுற்று வரை ஓடுகிற மெஷின் இது.

சரி என்று, தண்டு ஒழுங்காக உள்ளதை எடுத்து நிலாவெளி கெஸ்ட் ஹவுஸ் ஒன்றின் முதிரைக் கதவில் ஓட்டினேன். நேர் பிட்டின் அலகு ஒன்று பெயர்ந்து நான் போட்டிருந்த முகக்கண்ணாடியில் 'டிக்' என்று அடித்தது. பெயர்ந்த இடத்தில், அலகை உருக்கி ஒட்டுகிற பற்று பாதிக்குக்கூட ஓடவில்லை, மீதி வெறும் கறுப்பு. ஓரம் உருட்டுகிற பிட்டின் பெயரிங் வேறு சுற்றாமல் இறுகி, கதவோரம் முழுக்கக் கருகல் கோடு.

கொண்டுபோய்க் காட்டினால், "பாவிச்ச சாமான் திருப்பி எடுக்கமாட்டம், முதிரை வைரமான மரமெல்லோ" என்கிறார். கார்பைட்டே வைரமான மரத்துக்குத்தானே ஐயா!

தொடக்கத்துக்கு 35 எதற்கு? ஒரு நேர் பிட், பெயரிங் வைத்த நேர் பிட் (போமிக்கா ஓரம் சீவுவது, அச்சுப் பலகை வைத்து அதே வடிவில் வெட்டுவது எல்லாம் அதில் முடியும்), ஓரம் உருட்ட ஒன்று, 45 பாகைச் சரிவுக்கு ஒன்று, இவ்வளவையும் தனித்தனியாக நல்லதாக வாங்குங்கள். செட்டில் வருகிற அகலமான கதவுப் பலகை பிட்டை சின்ன மெஷினில் மாட்டவே வேண்டாம், அதற்கு வேகத்தைக் குறைக்கக்கூடிய பெரிய ரவுட்டர் வேண்டும். கடையிலேயே பெயரிங்கை விரலால் சுற்றிப் பாருங்கள், பற்று இடைவெளியில்லாமல் ஓடியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறைப்பாடு சொல்லலாம்தான். ஆனால் என் பில்லில் இருப்பது வெறும் 'பிட் செட் 1'. காசு கொடுக்க முதல் 'கார்பைட், தண்டு 6.35' என்று எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.