எதற்கென்று தெரியாத ஸ்விட்ச்: என் எம்ஜிபி காரின் பிறப்புச் சான்றிதழ்

மூன்று வருடமாக என் காரின் டேஷ்போர்டில் ஒரு ஸ்விட்ச் சும்மா இருந்தது. மேலே தட்டினாலும் கீழே தட்டினாலும் ஒன்றும் நடக்காது. காரை விற்றவரிடம் கேட்டபோது, "முன்பு யாராவது பனிமூட்ட விளக்கு மாட்டியிருப்பார்கள்" என்றார். நானும் நம்பினேன். அது ஓவர்டிரைவ் ஸ்விட்ச், அதாவது வேகம் குறையாமல் இன்ஜினை மெதுவாகச் சுழலவிடும் கூடுதல் கியருக்கானது என்று எனக்குச் சொன்னது, கேய்டன் ஊரிலிருந்து தபாலில் வந்த ஒற்றைத் தாள்.

கார் எம்ஜி என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் 1966ஆம் வருடத்து எம்ஜிபி ரோட்ஸ்டர். இரண்டு சீட், துணிக்கூரை. நான் இங்கிலாந்தில் டிட்காட் என்ற ஊரில் குடியிருக்கிறேன். கார் பிறந்த அபிங்டன் பக்கத்து ஊர்தான். அந்தத் தொழிற்சாலையை 1980 அக்டோபரில் மூடிவிட்டார்கள். பழைய வாசலுக்கு அருகில் எம்ஜி கார் கிளப்பின் அலுவலகம் மட்டும் இருக்கிறது, சிமெட்ரி ரோடு என்ற தெருவில். கல்லறைத் தெரு என்று காரைக்குடியில் இருக்கும் அப்பாவிடம் போனில் சொன்னேன். "முதலில் விலாசத்தை மாற்றச் சொல்" என்றார்.

அப்பா இருபது வருடம் அம்பாசடர் டாக்ஸி ஓட்டியவர். பானெட்டைத் திறந்து வீடியோவில் காட்டியதும், "இது நம் வண்டி இன்ஜின் மாதிரி அல்லவா இருக்கிறது?" என்று கேட்டார். கண் ஏமாறவில்லை. அம்பாசடரில் இருந்த 1489 சிசி இன்ஜினும் இந்த 1798 சிசி இன்ஜினும் ஒரே பி சீரிஸ் குடும்பம்.

சான்றிதழுக்கு வருகிறேன். வார்விக்‌ஷயரில் கேய்டன் என்ற ஊரில் பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் இருக்கிறது. எம்ஜி மட்டுமல்ல, ஆஸ்டின், மாரிஸ், டிரையம்ஃப் என்று மூடிப்போன பல தொழிற்சாலைகளின் உற்பத்திப் பதிவேடுகள் அங்கே இருக்கின்றன. சேசிஸ் எண்ணை எழுதிக் கட்டணம் கட்டினால், பதிவேட்டில் உங்கள் காருக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறதோ அதை எடுத்துச் சான்றிதழாக அனுப்புகிறார்கள். ஹெரிட்டேஜ் சான்றிதழ் என்று பெயர். நல்ல டயர் ஒன்றின் விலைகூட ஆகவில்லை.

எனக்கு வந்த தாளில் இருந்தவை: கட்டிய தேதி, இன்ஜின் எண், பாடி எண், வெளி நிறம், சீட் நிறம், கூரை நிறம், எந்த நாட்டு விற்பனைக்குப் போனது, தொழிற்சாலையிலேயே பொருத்திய கூடுதல் சாமான்கள். கடைசி வரியில்தான் விஷயம் இருந்தது. ஹீட்டர், ஓவர்டிரைவ், மடிக்கும் கூரை. இங்கிலாந்துக் குளிரில் ஹீட்டருக்குத் தனிக்காசு வாங்கியிருக்கிறார்கள் என்பதை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. மடிக்கும் கூரையும் அப்படித்தான். அது வேண்டாம் என்றவர்களுக்குக் கொடுத்த கூரையில், மழை நின்றால் துணியையும் சட்டத்தையும் தனித்தனியாகக் கழற்றி டிக்கியில் வைக்க வேண்டும்.

ஓவர்டிரைவ் என்ற சொல்லைப் பார்த்ததும் டார்ச்சை எடுத்துக்கொண்டு இன்ஜின் பக்கத்தில் ஆணியடித்த தகட்டைப் பார்த்தேன். 18ஜிபி-ஆர்யு-ஹெச் என்று தொடங்கியது. தாளிலும் அதே எழுத்துகள், அதே எண். நடுவில் இருக்கும் அந்த 'ஆர்'தான் ஓவர்டிரைவ் உள்ள கியர்பாக்ஸ் என்பதற்கு அடையாளம். அப்படியானால் கியர்பாக்ஸுக்குப் பின்னால் அது இன்னும் இருக்க வேண்டுமே? காரைத் தூக்கி நிறுத்திப் பார்த்தோம். இருந்தது. அதற்குப் போகும் ஒயரை யாரோ வெட்டி, முனையில் இன்சுலேஷன் டேப் சுற்றி, சேசிஸின் மேல் செருகியிருந்தார்கள். மெக்கானிக் இரண்டு அடி புது ஒயர் போட்டார். அன்று மாலை நெடுஞ்சாலையில் நான்காவது கியரில் போகும்போது ஸ்விட்ச்சைத் தட்டினேன். ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு இன்ஜின் சத்தம் ஒரு படி கீழே இறங்கி உட்கார்ந்தது. வேகம் குறையவில்லை. மூன்று வருடமாக ஐந்தாவது கியர் மாதிரி ஒன்றைச் சுமந்துகொண்டு, காது வலிக்க ஓட்டியிருக்கிறேன்.

நிறம் வேறு கதை. கார் இப்போது சிவப்பு. விளம்பரத்தில் "அசல் நிறம்" என்று போட்டிருந்தது. தாளில் இருப்பதோ பேல் பிரிம்ரோஸ். உருகத் தொடங்கும் வெண்ணெயின் மங்கலான மஞ்சள். தாளை நம்புவதா, கண்ணை நம்புவதா என்று டேஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகப் படுத்துக்கொண்டு தேடினேன். ஹீட்டர் பெட்டிக்குப் பின்னால், ஸ்ப்ரே கன் எட்டாத ஒரு மூலையில், உள்ளங்கை அகலத்துக்கு அந்த மஞ்சள் அப்படியே இருந்தது. இன்ஜினுக்கும் பச்சை அடித்திருந்தார்கள். எண் தகட்டின் ஓரத்தில் நகத்தால் சுரண்டினால் உள்ளே மரூன். பளபளக்கும் கம்பிச் சக்கரங்களும் பிற்பாடு வந்தவை. தாளில் கம்பிச் சக்கரமே கிடையாது. அச்சை மாற்றாமல் இடையில் ஓர் அடாப்டரை வைத்து முடுக்கியிருக்கிறார்கள். 14 அங்குலத் தகட்டுச் சக்கரம் நான்கை ஒரு பழைய சாமான் சந்தையில் வாங்கினேன். ஸ்டெப்னி தகட்டுச் சக்கரமாகவே டிக்கியில் கிடந்தது என்பதை அப்போதுதான் கவனித்தேன். அது முதல் நாளிலிருந்தே உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

இந்தத் தாளை நான் காரை வாங்கிய வாரமே தருவித்திருக்க வேண்டும். தாமதித்ததற்குக் கொடுத்த விலையையும் சொல்கிறேன். சான்றிதழ் வருவதற்கு முந்தைய வருடம் பிரேக் வேலைக்காக ஒரு பட்டறையில் விட்டிருந்தேன். பெயர் வேண்டாம். அவர்கள் பார்வையில் பழையது எல்லாம் அழுக்கு. கருப்புச் சுருக்கப் பெயிண்ட் அடித்த இரும்பு டேஷ்போர்டின் மேல் வால்நட் பலகை, வினைல் கூரைக்குப் பதில் மோஹேர் துணி என்று எனக்காகவே ஒரு பட்டியல் தயாரித்து வைத்திருந்தார்கள். எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்றேன். ஆனால் கதவின் உட்பக்க அட்டைகள் நைந்திருக்கின்றன என்று, என்னைக் கேட்காமலே புதிதாக மாற்றிவிட்டார்கள், இலவசமாக. நல்ல மனதோடுதான் செய்தார்கள், அதுதான் கொடுமை. பழையதை எங்கே என்று கேட்டு, பின்புறக் குப்பைத் தொட்டியில் கைவிட்டு ஒன்றை மீட்டேன். இன்னொன்று போய்விட்டது.

மீட்ட அட்டையைத் துணி அலமாரிக்கு மேலே வைத்து மறந்துவிட்டேன். சான்றிதழ் வந்த பிறகு இறக்கிப் பார்த்தேன். பின்பக்கம் நீர்க்கறை, பசைத் தடம், துருப்பிடித்த கிளிப் நான்கு. நடுவில் தடித்த பென்சிலில், அவசரமாக எழுதிய மூன்று இலக்கங்கள். தாளில் உள்ள பாடி எண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள் அவையே. இந்த அட்டை இந்தக் கதவுக்கு என்று குறித்து வைத்துவிட்டு அடுத்த வண்டிக்கு நகர்ந்த ஒருவரின் கையெழுத்து. ஏழு என்ற எண்ணுக்குக் குறுக்கே கோடு போடும் பழக்கம் அவருக்கு இல்லை. அவ்வளவுதான் அவரைப் பற்றி எனக்குத் தெரியும். புது அட்டையைக் கழற்றிவிட்டு இதை மாட்டியிருக்கிறேன். இடது கதவு புதிது, வலது கதவு பழையது. ஏறுபவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள்.

சான்றிதழ் எல்லாவற்றையும் சொல்லாது. சீட்டின் ஓரத் தையல் என்ன நிறம், கூரைப் பொத்தான்கள் எந்த வகை, எந்த ஸ்க்ரூ எங்கே என்பதெல்லாம் பதிவேட்டில் எழுதும் சங்கதி அல்ல. அதற்குக் கிளப் கூட்டங்களுக்குப் போய், யாரும் தொடாமல் விட்டுவைத்த அதே வருடத்து வண்டியைத் தேடிக் கண்டுபிடித்து, உரிமையாளரோடு ஒரு டீ குடித்துவிட்டு, குனிந்து பார்க்க வேண்டும். காருக்கு விலை ஏறும் என்ற கணக்கில் சான்றிதழ் வாங்குகிறவர்களுக்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். "கட்டியபோது இருந்த இன்ஜின் இது இல்லை" என்று தாள் சொல்லிவிட்டால் என்ன செய்வார்கள்? ஆனால் கதவைப் பிரிக்கும் முன், பெயிண்டைச் சுரண்டும் முன், பழைய சாமானைத் தூக்கிப்போடும் முன் வாங்குகிறவருக்கு இதைவிட மலிவான உதவி இல்லை.

எல்லாம் அசலாகவே இருக்க வேண்டும் என்ற பைத்தியம் எனக்கு முற்றிவிட்டது என்று மகள் சொல்கிறாள். அப்படியும் இல்லை. சீட் பெல்ட் புதிதாகத்தான் போட்டிருக்கிறேன். டயர் நவீன ரேடியல். சீட்டுக்குப் பின்னால் தரைக்கு அடியில் இருந்த இரண்டு ஆறு வோல்ட் பேட்டரிகளைக் கழற்றி ஒரே பன்னிரண்டு வோல்ட் பேட்டரி வைத்தேன், பெட்டிகளை வெட்டாமல். யாராவது பிற்காலத்தில் பழையபடி மாற்ற நினைத்தால் ஒரு மணி நேர வேலை.

நிறத்தை மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை. போன வாரம் ஒரு பெயிண்டரிடம் காட்டினேன். "நல்ல சிவப்பு அம்மா இது. மஞ்சள் அடித்தால் விற்கும்போது ஐநூறு பவுண்டு குறையும்" என்றார். விற்பதாக இல்லை என்றேன். அவர் ஹீட்டருக்குப் பின்னால் டார்ச் அடித்து, அந்த உள்ளங்கை அளவு மஞ்சளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி, மாதிரித் தகடு ஒன்று அடித்துக் காட்டுகிறேன். ஆனால் இந்த இடத்தை நான் தொடமாட்டேன்" என்றார். வேலையை அவரிடம்தான் கொடுக்கப்போகிறேன்.